அடிபட்டவன் கை ஆயுதம்

1895ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம். வட சீனத்தின் வெய்ஹாய்வெய்த் துறைமுகத்தை யப்பானியப் படை கடலாலும் தரையாலும் சூழ்ந்து நின்றது. அன்று ஆசியாவிலேயே பெரியதெனப் பேசப்பட்ட சீனாவின் வடகடற் கப்பற்படை அத்துறைமுகத்தினுள்ளே அடைபட்டுக் கிடந்தது. ஜேர்மனியிலே கட்டுவித்துக் கொணர்ந்த இரு பெரும் இரும்புக் கவசக் கப்பல்களுள் 'திங்யுவான்' சிதைந்து, சீனராலேயே தகர்க்கப்பட்டது. 'சென்யுவான்' யப்பானியர் கைப்பட்டு அவர்தம் படையிற் சேர்ந்தது. படைத்தலைவர் திங் ரூசாங், சரணடைய மனமின்றி அபின் உண்டு உயிர் துறந்தார்.

அபின்! அந்த நஞ்சை விற்கும் உரிமைக்காகவே 1839 முதல் 1842 வரை பிரித்தானியர் சீனாவின்மீது போர் தொடுத்தனர். கிழக்கிந்தியக் கம்பனியின் 'நெமிசிஸ்' என்ற இரும்பு நீராவிக் கப்பல், காற்றை நம்பி நின்ற சீன மரக்கலங்களைப் பொம்மைகளைப் போல உடைத்தெறிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அந்த அவமானத்தைத் துடைக்கவென்று கட்டிய படையின் தலைவன் அதே நஞ்சைக் குடித்துச் சாகவேண்டி வந்தது. 'சென்யுவா'னின் நங்கூரங்கள் தோக்கியோவின் உவேனோப் பூங்காவிலே காட்சிப் பொருளாக வைக்கப்பட்டன. 1947இல் அவை திருப்பிக் கொடுக்கப்படும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக யப்பானியக் குழந்தைகள் அவற்றைப் பார்த்து மகிழ்ந்திருப்பர். சீனர் அவற்றை நினைத்து நாணியிருப்பர்.

இந்த வரலாற்றை அறிந்தவன் எவனும், சீனா இன்று கட்டும் கப்பல்களைக் கண்டு, 'உனக்கேன் இவை?' என்று எளிதிலே கேட்டுவிட முடியாது. எனினும் அக்கேள்வியைக் கேட்காமல் விடவும் முடியாது. அடிபட்டவன், தன்னை அடித்த தடியையே தன் கையிலெடுத்தால் அது நியாயமாகிவிடுமா? ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் பழகிய நம் போன்றோர் இக்கேள்விக்கு விடை சொல்லத் தயங்குகிறோம். அத்தயக்கத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம். 1949 ஏப்ரல் 23ஆம் நாள் சீன மக்கள் விடுதலைப் படையின் கடற்பிரிவு பிறந்தபோது அதனிடம் இருந்தவை, கோமின்டாங் படையிலிருந்து கட்சி மாறி வந்த கப்பல்களும் மீன்பிடி வள்ளங்களுமே. அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் யூனியன் நான்கு பழைய நாசகாரிக் கப்பல்களை விற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது கரையோரத்தைக் காக்கும் படையாகவே இருந்தது. வேகப் படகுகளும், டீசலில் ஓடும் நீர்மூழ்கிகளுமே அதன் பலம். 1982 முதல் 1988 வரை அதன் தலைவராயிருந்த லியூ ஹுவாசிங் என்பவரே கரையை விட்டு அப்பாலே கடலை நோக்கும்படி அதனைத் திருப்பியவர். 1996இல் தைவான் நெருக்கடியின்போது அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களின் அணிகளை அப்பகுதிக்கு அனுப்பியது. சீனா பேசாதிருந்தது; பேசுவதற்கு அதனிடம் கப்பல்கள் இல்லை. பீக்கிங் ஆட்சியாளர் அந்நாளை மறக்கவில்லை.

பின்னர் நடந்ததிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சோவியத் யூனியன் சிதைந்தபோது, உக்ரேனின் மிக்கொலாயிவ் நகரத்துக் கப்பற்றளத்திலே 'வர்யாக்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அரைகுறையாய்த் துருப்பிடித்துக் கிடந்தது. 1998இல் மக்காவ்வைச் சேர்ந்த ஒரு கம்பனி, மிதக்கும் சூதாட்டக் கூடம் அமைக்கப் போவதாகச் சொல்லி, அதனை 2 கோடி டொலருக்கு வாங்கியது. அவ்வுடலை இழுவைக் கப்பல்கள் பொஸ்பரஸ் நீரிணையைக் கடந்து, ஆபிரிக்காவைச் சுற்றி இழுத்துச் சென்று, 2002இல் தாலியன் துறைமுகத்தில் சேர்த்தன. சூதாட்டம் நடக்கவில்லை. 2012 செப்டெம்பரில் அது 'லியாவோனிங்' என்ற பெயரோடு சீனக் கடற்படையில் இணைந்தது. 2019இல், சீனாவிலேயே கட்டிய 'ஷான்டோங்' வந்தது. 2025 நவம்பரில், மின்காந்த விசையால் விமானங்களை எறியும், ஏறத்தாழ 80,000 தொன் எடையுள்ள 'பூஜியான்' படையில் சேர்க்கப்பட்டது. அதனைக் கட்டியது சாங்காயின் ஜியாங்நான் தளம். 1865இல், அபின் போர்களின் தோல்விக்குப் பின், 'அந்நியனின் கலையை அந்நியனிடமே கற்போம்' என்ற நோக்குடன் மஞ்சு அரசு நிறுவிய ஆயுதச்சாலையின் வழித்தோன்றல் அது.

எண்ணிக்கையில் சீனக் கடற்படை இன்று உலகிலேயே பெரியது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 370இற்கு மேற்பட்ட கப்பல்களும் நீர்மூழ்கிகளும் அதனிடம் உள்ளன என்றது. அமெரிக்காவிடம் இருப்பவை 300இற்குச் சற்றுக் குறைவு. ஆனால் எடையில் அமெரிக்கப் படையே இன்னும் பெரியது. அதன் விமானந்தாங்கிகள் பதினொன்று. மேலும், தம் அரசிடம் இன்னும் பணம் கேட்கும் திணைக்களமே மாற்றானின் கப்பல்களை எண்ணிச் சொல்கிறது என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும். எதிரியின் பலத்தைக் குறைத்துச் சொல்லி எந்தத் தளபதியும் பணம் பெற்றதில்லை.

எண்ணிக்கையை விட அமைப்பே முக்கியம். ஒருவன் வீட்டில் எத்தனை கருவிகள் உள்ளன என்பதைவிட அவை எத்தகைய கருவிகள் என்பதே அவன் தொழிலைச் சொல்லும். 2012 தொடக்கம் சீனா 72 சிறு கொர்வெட் கப்பல்களைக் கட்டியது. அவை தம் கரையைச் சுற்றி வருவதற்கானவை. ஓபியம் விற்க வருபவனைத் தடுக்க அவை வேண்டும் என்றால் மறுப்பவர் யார்? அடுத்து, முப்பதுக்கு மேற்பட்ட பிரிகேட் கப்பல்கள். 2008 டிசெம்பர் முதல் ஏடன் வளைகுடாவிலே வணிகக் கப்பல்களுக்குக் காவலாய்ச் செல்பவற்றுள் இவையே பெரும்பாலானவை. 2015இல் ஏமனில் குண்டு மழை பொழிந்தபோது தம் நாட்டவரையும் பிற நாட்டவரையும் ஏற்றிக் காப்பாற்றின. மீட்கப்பட்டோரில் இலங்கையரும் இருந்தனர். இதற்கும் நாம் நன்றியே சொல்வோம். இவற்றின்மேல், 112 ஏவுகணைக் குழாய்களோடு 12,000 தொன்னுக்கு மேற்பட்ட எடையில் 2020 முதல் வந்து சேரும் பெரும் நாசகாரிகள். அவை விமானந்தாங்கியோடு சேர்ந்து தூரக் கடலுக்குச் செல்வதற்கென்றே பிறந்தவை. ஏறத்தாழ அறுபது நீர்மூழ்கிகள். பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை எனினும், ஆறு அணுசக்தி நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றும் பன்னிரண்டு அணுவாயுத ஏவுகணைகளைச் சுமக்க வல்லன. 2021 முதல், உலங்குவானூர்திகளையும் தரைப்படையையும் ஏற்றிச் சென்று அயற்கரையில் இறக்கும் பெருங் கப்பல்கள். 2017இல் ஜிபூட்டியில் ஓர் அந்நிய நாட்டுத் தளம்.

அவமானத்தின் நினைவு இவற்றில் எதுவரை நியாயம் கற்பிக்கும்? கொர்வெட்டுக்கு அது போதும். பிரிகேட்டுக்கும் போதும் என்பேன். அயற்கரையில் படை இறக்கும் கப்பலுக்கு அது போதாது. அக்கரை யாருடையது என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்குச் சீனாவின் தரப்பிலிருந்து ஒரு விடை உண்டு. அது அற்பமான விடையன்று. 'நீங்கள் அயற்கரை என்பது தைவானையே. அது எங்களுடையது. 1895இல் வெய்ஹாய்வெய் வீழ்ந்தபின் சிமோனொசெக்கி உடன்படிக்கையால் எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. மேலும், எங்கள் எண்ணெய் மலாக்கா நீரிணை வழியே வருகிறது. ஒக்கினாவாவிலும் குவாமிலும் யொக்கோசுக்காவிலும் அமெரிக்கத் தளங்கள் எங்களைச் சூழ்ந்துள்ளன. அமெரிக்காவின் இராணுவச் செலவு எங்களுடையதைப் போல் மூன்று மடங்கு. நாங்கள் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா?'

இவ்விடையின் பிற்பகுதியை மறுக்க இயலாது. நம் சமுத்திரத்தின் நடுவிலேயே தியாகோ கார்சியா என்ற தீவு இருக்கிறது. 1968இற்கும் 1973இற்கும் இடையே அத்தீவுக் கூட்டத்தின் மக்கள் அனைவரும் வீடு வாசலிலிருந்து அகற்றப்பட்டு, மொரிசியசிலும் செஷெல்சிலும் கொண்டுபோய் விடப்பட்டனர். அமெரிக்கத் தளம் எழுந்தது. பிரித்தானியா அங்கே நடத்திய ஆட்சி சட்டத்துக்கு மாறானது என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. கடற் சட்டத்தை மதிக்குமாறு சீனாவுக்கு உபதேசிக்கும் அமெரிக்காவோ, 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற் சட்ட உடன்படிக்கையை இன்றுவரை தன் செனற் சபையில் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. இந்த உபதேசிகளைக் கண்டு சீனன் சிரித்தால் அவனை நாம் குறை கூற முடியாது.

ஆனால் இங்கேதான் நம் சிந்தனை வழுக்கி விழுகிறது. திருடன் ஒருவன் 'திருடாதே' என்று சொல்வதனால் திருட்டு நியாயமாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் குற்றம் சீனாவுக்கு எதிராக அமெரிக்கா பேசும் தகுதியை அழிக்கிறது. மணிலாவின் மீனவன் பேசும் தகுதியை அது எப்படி அழிக்கும்?

விடையின் முற்பகுதிக்கு வருவோம். 1895இல் தைவானைக் கைமாற்றியபோது அத்தீவின் மக்களை எவரும் கேட்கவில்லை. அதுவே அவ்வுடன்படிக்கையின் அநீதி. இன்று அங்கே 2 கோடி 30 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். தம் ஆட்சியாளரைத் தாமே தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களைக் கேளாமலே அத்தீவை மீட்பது, பழைய அநீதியை நீக்குவதாகுமா, அல்லது அதனை எதிர்த் திசையிலே மறுபடி செய்வதாகுமா? நிலம் பறிக்கப்பட்டது என்று பேசுகிறோம். மக்கள் பறிக்கப்பட்டனர் என்று பேச மறந்துவிடுகிறோம்.

இன்னும் கசப்பான ஓர் உதாரணம் உண்டு. 1988 மார்ச் 14ஆம் நாள், ஸ்பிராட்லித் தீவுகளில், வியட்நாமியர் காக் மா என்றழைக்கும் ஒரு பாறைத் திட்டில், நீரிலே நின்று தம் கொடியைக் காத்த வியட்நாமிய வீரர்மீதும் அவர்களுடைய கப்பல்கள்மீதும் சீனக் கடற்படை சுட்டது. அன்று இறந்த வியட்நாமியர் 64 பேர். வியட்நாம் அவமானம் அறியாத நாடா? பிரெஞ்சுக்காரரிடம் அடிமைப்பட்டு, யப்பானியரால் பட்டினியிட்டு, அமெரிக்கக் குண்டுகளைத் தாங்கி மீண்ட நாடு அது. இரு புறத்தும் செங்கொடி. இரு புறத்தும் ஏகாதிபத்தியத்தின் தழும்பு. 'அடிபட்டவனுக்கு ஆயுதம் ஏந்த உரிமை உண்டு' என்ற நம் வாய்பாடு அந்தப் பாறைத் திட்டிலே என்ன சொல்லும்? இருவரும் அடிபட்டவர். ஆகவே கப்பல் பெரியதாய் இருந்தவன் வென்றான். 'நெமிசிஸ்' வென்றதும் அப்படித்தான்.

எனக்கு நினைவிருக்கும் வரை, 1988இல் நம் முற்போக்கு வட்டாரங்களில் இது பற்றி அதிகம் பேசப்படவில்லை. பேசினால் யாருக்குப் பயன் என்ற கணக்கு நம்மைத் தடுத்திருக்கலாம். அந்தக் கணக்கை இறந்தோரின் தாய்மாரிடம் எப்படி விளக்குவது என்பதை எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

'தேசம் அவமானப்பட்டது' என்கிறோம். தேசம் என்பது உடலுடைய ஒரு மனிதனல்லன். 1840இல் அடிபட்டவர் கன்ரன் மாநிலத்துக் குடியானவர், அபினுக்கு அடிமையான கூலிகள், சூறையாடப்பட்ட கரையோர மக்கள். அவர்களைச் சுரண்டிய மஞ்சு அரசவையும் அதே 'தேசத்தின்' உறுப்பே. கடற்படைக்கென்று சேர்த்த பணத்தின் ஒரு பகுதியைப் பேரரசி சூசி தன் கோடை அரண்மனைக்குச் செலவிட்டாள். அங்கே பளிங்காலான ஓடம் ஒன்று இன்றும் குளக்கரையில் நிற்கிறது, ஓடாத ஓடம். திங் ரூசாங்கின் மாலுமிகளோ போதிய குண்டுகளின்றிச் செத்தனர். ஆக, அடி வாங்கியது ஒரு வர்க்கம். அடியின் நினைவை மூலதனமாக்கிக் கப்பல் கட்டுவது ஓர் அரசு. 2025இல் அந்த அரசு தன் பாதுகாப்புக்கென அறிவித்த செலவு 1.78 இலட்சம் கோடி யுவான். அது வேண்டுமா வேண்டாமா என்று வெளிப்படையாய் வாதிக்க ஒரு சீனத் தொழிலாளிக்கோ ஆசிரியனுக்கோ இடமில்லை. வர்க்கத்தின் பெயரால் வரலாற்றைப் படிக்கும் நாம், சீனாவின் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் திடீரெனத் தேசியவாதிகளாகிவிடுவது ஏன்?

இதிலே நமக்கும் பங்குண்டு. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைச் சூறையாடியதை வகுப்பறையிலே பெருமிதத்தோடு கற்பிக்கும் தமிழாசிரியர் நம்முள் எத்தனை பேர்! கடாரத்தின் மீனவனுக்கு அந்தப் புலிக்கொடி எப்படித் தோன்றியிருக்கும் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்கும்படி நாமும் கற்பித்ததில்லை.

மீனவனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்சின் லூசோன் தீவுக்கு மேற்கே ஸ்கார்பரோத் திட்டு என்ற பவளப் பாறை இருக்கிறது. சீனர், வியட்நாமியர், பிலிப்பினோக்கள் ஆகிய மூவின மீனவரும் தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடித்து, காற்றடிக்கும்போது ஒதுங்கியும் வந்தனர். 2012 முதல் சீனக் காவற் கப்பல்கள் அத்திட்டைத் தம் பிடியில் வைத்து, பிலிப்பினோக்களைத் துரத்தி வருகின்றன. 2016 ஜூலை 12ஆம் நாள் ஹேக் நகரத்து நடுவர் மன்றம், தென்சீனக் கடலின் பெரும்பகுதிமீது சீனா கொண்டாடும் வரலாற்று உரிமைக்குச் சட்ட ஆதாரமில்லை என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் இன்னொரு பகுதியைப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பேசவில்லை. ஸ்கார்பரோத் திட்டில் மீன் பிடிக்கும் பரம்பரை உரிமை பிலிப்பினோ மீனவருக்கு உண்டு. சீன மீனவருக்கும் உண்டு. அத்திட்டு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி என்று மன்றம் சொன்னது. கொடிகளை ஒதுக்கி வலைகளைப் பார்த்த தீர்ப்பு! சீனா அதனை ஏற்க மறுத்துவிட்டது.

அங்கே முன்னே நிற்பவை வெள்ளை நிறம் பூசிய கரையோரக் காவற் கப்பல்கள். நீரைப் பீய்ச்சியடிப்பதும் மோதுவதும் அவற்றின் வேலை. சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் அடிவானத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நான் மேலே சொன்ன 72 கொர்வெட்டுகளில் 22ஐ அரசு பின்னர் அக்காவற் படைக்குக் கைமாற்றியது. கரை காக்கவென்று பிறந்து, நம் நியாயத் தராசிலே எளிதாகத் தேறிய அதே கப்பல்கள்! கருவியின் அமைப்பு அதன் தொழிலைச் சொல்லும் என்றேன். அது பாதி உண்மையே. நல்ல கருவியும் கை மாறினால் தொழில் மாறும். 2024 ஜூனில் இரண்டாம் தோமஸ் திட்டருகே நிகழ்ந்த மோதலிலே, கத்தியும் கோடரியும் ஏந்திய சீனக் காவற் படையினர் பிலிப்பைன்ஸ் படகுகளைச் சூழ்ந்தபோது ஒரு மாலுமி தன் பெருவிரலை இழந்தார்.

இவற்றையெல்லாம் எழுதும்போது ஒரு நன்றிக் கடனும் என்னை உறுத்துகிறது. 1952இல் அமெரிக்காவின் மிரட்டலையும் மீறிச் சீனா நம்மோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. உலகச் சந்தையை விட அதிக விலை தந்து நம் இறப்பரை வாங்கியது. பசித்த வேளையில் அரிசி தந்தவனைப் பற்றிக் குற்றப் பத்திரம் எழுதுவதா என்று என் தலைமுறையினர் சிலர் கேட்பர். நண்பனிடம் உண்மை சொல்லலாகாது என்றால் அந்த நட்பு எத்தகையது என்பதே அவர்களுக்கு என் எதிர்க் கேள்வி.

கொழும்பு நூதனசாலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1911இல் காலி நகரிலே வடிகாலொன்றை மூடியிருந்த கல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டிற்குரிய அக்கல்லை இங்கே கொணர்ந்தவர் மிங் பேரரசின் கடற்றலைவர் செங் ஹே. சீன மொழியிலே புத்தருக்கும், தமிழிலே தெய்வந்துறையின் தென்னாவர நாயனாருக்கும், பாரசீக மொழியிலே அல்லாவுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளை ஏறத்தாழ ஒரே அளவிலே சமர்ப்பித்ததை அது கூறுகிறது. மூன்று சமயங்களையும் ஒரே கல்லில் வணங்கிய அப்பெருந்தன்மை நம் நாட்டுக்கு இன்றும் பாடம். ஆனால் அதே செங் ஹே, அதே காலத்தில், இத்தீவின் ஆட்சியாளன் ஒருவனோடு போர் புரிந்து, அவனைச் சிறைப்பிடித்து 1411இல் நான்கிங்குக்குக் கொண்டு சென்றார். அழகக்கோனார் மரபினன் என ஆராய்ச்சியாளர் கருதும் அவ்வாட்சியாளனைச் சக்கரவர்த்தி பின்னர் விடுவித்தார். காணிக்கையும் படையும் ஒரே கப்பற் கூட்டத்திலேயே வந்தன. பீக்கிங் இன்று செங் ஹேயைச் சமாதானத் தூதுவர் என்று கொண்டாடுகிறது. கல்வெட்டை அது நினைவு கூர்கிறது, சிறைப்பட்டவனை அல்ல.

1898இல் பிரித்தானியா ஹொங்கொங்கின் புதிய பிரதேசங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அதே ஆண்டில் ஜேர்மனி ஜியாவோசூ வளைகுடாவை 99 ஆண்டுகளுக்கு எடுத்தது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் ஒரு சீனக் கம்பனிக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் போனது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இங்கே பீரங்கிக் கப்பல் வந்து மிரட்டவில்லை; நம் ஆட்சியாளரே விரும்பிக் கடன் வாங்கினர்; கடனின் பெரும் பகுதி மேல்நாட்டுப் பத்திரச் சந்தைகளுக்கே உரியது. ஆயினும் சீன அதிகாரி எவரும் அந்த 99 என்ற எண்ணைத் தாளிலே எழுதுகையில் கை நடுங்கவில்லையா என்று அறிய எனக்கு ஆசை.

1971ஆம் ஆண்டு ஒக்ரோபரில், அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஐக்கிய நாடுகள் சபையில், இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்றார். வல்லரசுகளின் தளங்களும் போட்டியும் இச்சமுத்திரத்துக்கு வேண்டாம் என்பதே அதன் சாரம். அவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் நாள் அது 2832ஆம் இலக்கத் தீர்மானமாக நிறைவேறியது. ஆதரித்தவை 61 நாடுகள், எதிர்த்தவை இல்லை, வாக்களியாது ஒதுங்கியவை 55. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரித்தானியாவும் பிரான்சும் ஒதுங்கின. சபையிலே தனக்குரிய ஆசனத்தைப் பெற்று இரு மாதமும் நிறையாத சீனா ஆதரித்து வாக்களித்தது. இந்து சமுத்திரத்திற்கு அனுப்ப அன்று அதனிடம் ஒரு படை இருக்கவில்லை. 2014இல் இரு தடவை சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. 2022 ஓகஸ்டில் செய்மதிகளைப் பின்தொடரும் 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டது, இந்தியா முணுமுணுத்தது. 2024இல் இலங்கை அந்நிய ஆய்வுக் கப்பல்கள் யாவற்றையும் ஓராண்டுக்குத் தடுத்து வைத்தது. அந்த 2832ஆம் இலக்கத் தீர்மானத்தை எவரும் இரத்துச் செய்யவில்லை. சீனாவும் தன் வாக்கைத் திரும்பப் பெறவில்லை.